ஒரு நோடை மட்டும் நிறுத்துவது எப்படி?

கணினித் துறைக்குப் போக நினைக்கும் தம்பி தங்கைகளே, நான் செமினியிலிருந்து சைபர்ஜெயாவுக்கு வேலைக்குப் போய்வருகிறேன். சர்வர் பராமரிப்பு, பெரும்பாலும் இரவு ஷிஃப்ட்.

சேர்ந்த புதிதில், மூன்று நோடு கொண்ட குபர்நெட்டிஸ் கிளஸ்டர் ஒன்றைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். முதல் நோடை நிறுத்தித் திறந்தேன். பிங் போட்டேன், பதில் வந்தது. எழுந்துடுச்சுன்னு இரண்டாவதை நிறுத்தினேன். ஓடிக்கொண்டிருந்தவை ஓடின, ஆனால் கிளஸ்டர் புதிதாக எதையும் ஏற்கவில்லை.

காரணம் எட்சிடி. கிளஸ்டரின் கணக்கெல்லாம் இருக்கும் தரவுத்தளம் அது. நம்ம செயற்குழுக் கூட்டம் மாதிரிதான்: பாதிக்கு மேல் ஆள் இருந்தால்தான் தீர்மானம். மூன்றில் இரண்டு, ஐந்தில் மூன்று. முதல் நோடு எழுந்திருந்தாலும் அதன் எட்சிடி இன்னும் கூட்டத்தில் சேரவில்லை. மிச்சம் ஒன்றுதான். நாலு நோடு வைத்தாலும் பயனில்லை. பெரும்பான்மை மூன்றாகிவிடும், அப்போதும் ஒன்றைத்தான் இழக்கலாம்.

இப்போது முதலில் கார்டன் செய்கிறேன்: புது வேலை அந்த நோடுக்குப் போகாது. அடுத்து டிரெய்ன்: அங்கே ஓடுபவை நிறுத்தப்பட்டு வேறு நோடுகளில் தொடங்கும். நேரமாகும். அவசரப்பட்டு ஃபோர்ஸ் போடாதீங்க. தனியாக ஓடும் பாட் அழிந்தால் தானாகத் திரும்பாது. பிறகு முறையான ஷட்டவுன், பவர் பட்டன் இல்லை.

திரும்ப எழுந்து 'ரெடி' காட்டினாலும், எட்சிடி உறுப்பினர் மூவரும் நலமா என்று பார்த்த பிறகே அன்கார்டன். அதை மறந்தால் நோடு சும்மா உட்கார்ந்திருக்கும். எல்லாம் சரியென்றால்தான் அடுத்த நோடு.

அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து பசியாறியபோது மணி பதினொன்று.