நாலாயிரம் ரூபாய் அரிவாளும் முடிச்சுக் கயிறும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஜப்பானிலிருந்து வரும் கருக்கரிவாள் ஒன்றை நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கேட்டதில் தப்பில்லை. 'நம்மூர்ப் பட்டறைச் சாமானெல்லாம் மட்டம்' என்று கூடவே ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதுதான் உறுத்துகிறது.

அரிவாள் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். ஜப்பானியக் கொல்லர்கள் மெல்லிரும்போடு கடினமான எஃகைச் சேர்த்து அடிப்பார்கள். வெட்டுவாயில் எஃகு, முதுகில் இரும்பு. கூர் நெடுநாள் நிற்கும்; அருமையான வேலைப்பாடு. ஆனால் அத்தனை கடினமான எஃகு கல்லில் பட்டால் வாய் பெயர்ந்துவிடும், நம்மூர் அரமும் அதில் லேசில் பிடிக்காது. லாரியின் வில்பட்டையைக் காய்ச்சி நம் ஆசாரி அடிக்கிற அரிவாள் சீக்கிரம் மழுங்கும். மழுங்கியதை அவரே திரும்பக் கருக்கு வெட்டிக் கையில் கொடுத்துவிடுவார். பழுதுபார்க்க ஆள் பக்கத்தில் இருப்பதும் கருவியின் தரத்தில் சேர்ந்ததுதான். அதை மட்டம் என்று சொல்லாதே.

இன்னொன்றையும் யோசி. உன் வயலில் அறுப்புக்கு பெல்ட் போட்ட அறுவடை வண்டி இறங்குகிறது. அரிவாளுக்கு மிச்சம் இருப்பது வண்டி திரும்பாத மூலையும் வரப்புப் புல்லும் மாட்டுக்கு அறுக்கிற பச்சையும்தான். இன்னும் கையை நம்பி நிற்கிற பெரிய வேலை களையெடுப்பு. காசு செலவழிக்க ஆசை இருந்தால் அங்கே செலவழி.

ரோமாபுரியின் வேளாண் நூல்களை நான் விரும்பிப் படிப்பவன்; கருவி வாங்குவதைப் பற்றி அவற்றிலும் பேச்சு உண்டு. கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்காரரான காட்டோ, எந்தப் பொருளை எந்த ஊரில் வாங்க வேண்டும் என்றே பட்டியல் போடுகிறார். அரிவாளும் கோடாரியும் வாங்க ரோம் நகரத்தைச் சொல்லவில்லை. காலெஸ், மின்டுர்னே என்ற வெளியூர்களைச் சொல்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய கொலுமெல்லா, ஆட்களின் எண்ணிக்கைக்கு இரண்டு மடங்கு இரும்புச் சாமான் வைத்துக்கொள், பக்கத்துப் பண்ணையில் இரவலுக்குப் போய் நிற்காதே என்கிறார். சாமானின் விலையைவிட வேலை கெடுகிற நஷ்டம் பெரிது என்பது அவர் கணக்கு. கருவிக்குக் கொடுக்கும் காசை வேலை நேரத்தோடு சேர்த்துப் பார்த்த மனிதர்.

அந்தக் கணக்கை நம் சேற்றில் போட்டுப் பார்க்கக் கோனோவீடர் என்ற களைக்கருவியை எடுத்துக்கொள்கிறேன். கூம்பு வடிவ உருளைகள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, எதிரெதிர்த் திசை பார்த்து இருக்கும். உருளைமேல் வழவழப்பான தகடும் பல் வெட்டிய தகடும் மாறி மாறி வரும். சேற்றில் புதையாமலிருக்க ஒரு மிதவை உண்டு. முன்னே தள்ளி, கொஞ்சம் பின்னே இழுத்து, மறுபடி தள்ள வேண்டும். களை புரண்டு சேற்றுக்குள் அமுங்கி அங்கேயே மக்கும்; மண் கிளறி வேருக்குக் காற்றுப் போகும். கையால் பறித்து வரப்பில் எறிந்தால் இந்த இரண்டு லாபமும் கிடையாது.

ஆனாலும் இதை வாங்கிய எத்தனை வீடுகளில் அது மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்து துருப்பிடிக்கிறது, போய்ப் பார். காரணம் கருவியில் இல்லை, வரிசை இல்லாத நடவில் இருக்கிறது. மடகாஸ்கரில் லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1983 வாக்கில் ஒற்றை நாற்று நடவு முறையைக் கண்டபோது, இளநாற்று, இடைவெளி, சுழல் களைக்கருவி மூன்றும் சேர்ந்தே வந்தன. நம் அரசு தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாம் ஆண்டான 2010இல் அதே முறைக்கு 'ராஜராஜன் 1000' என்று பெயர் வைத்தது. 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 செ.மீ. சதுரம். சதுரமாக நட்டால்தான் கருவி நெடுக்கிலும் குறுக்கிலும் ஓடும். 1953இல் தொடங்கிய ஜப்பானிய முறை நெல் சாகுபடி இயக்கமும் களைக்கருவியை வரிசை நடவோடு சேர்த்துத்தான் பரப்பியது. வரிசையை விட்டுவிட்டுக் கருவியை மட்டும் எடுத்துக்கொள்ளும் புத்தி நமக்கு எங்கிருந்து வந்ததோ!

ஆகவே முதலில் வாங்க வேண்டிய கருவி, வரிசை பிடிக்கும் முடிச்சுக் கயிறு என்பது என் கட்சி. யாரும் மதிக்காத பொருள், ஆனால் மற்றதெல்லாம் அதைப் பிடித்துத்தான் நிற்கிறது. தேங்காய்நார்க் கயிறு வேண்டாம், நனைந்தால் அளவு மாறும், நைலான் வாங்கு. முடிச்சு போடும்போது நீளம் குறையும் என்பதால், ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கிய பிறகு அடுத்த 25 செ.மீ. அள. முடிச்சில் சிவப்புத் துணி செருகினால் நடுகிற பெண்களுக்குத் தூரத்திலேயே தெரியும்.

அடுத்தது தண்ணீர். கருவி ஓடும்போது மெல்லிய நீர்ப்படலம் போதும். காய்ந்தால் களிமண் உருளையில் அப்பிக்கொள்ளும். நீர் ஏறினால் களை மிதந்து திரும்ப வேர்விடும். கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் ஒரத்தநாட்டுப் பக்கம் பம்ப்செட் வைத்திருப்பவர் நீரைத் தன் கையில் வைத்திருக்கிறார். உன்னுடையது வெண்ணாற்றுப் பாசனம், வயல் விட்டு வயல் பாய்வது. மேல்வயல்காரர் மடையைத் திறந்தால் உன் அளவெல்லாம் போச்சு. அவரிடம் பேசி முறை வைத்துக்கொள்ளாமல் களைக்கருவி வாங்காதே.

மூன்றாவதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். களையெடுப்பு நம் பக்கம் பெண்கள் வேலை. கடைக்குப் போய்க் கருவி வாங்குகிறவனோ ஆண். அதன் கனத்தைச் சேற்றில் தள்ளிப் பார்க்காதவன், பிடியின் உயரத்தைத் தன் மார்புக்கு அளந்து வாங்கி வருகிறான். வாங்குகிறவன் ஒருவன், தள்ளுகிறவள் ஒருத்தி என்றால் எந்தக் கருவியும் உருப்படாது. யார் தள்ளப் போகிறாரோ அவரையே கடைக்கு அழைத்துப் போ. உருளை தடையில்லாமல் சுற்றுகிறதா, பிடி உயரத்தை மாற்றத் துளைகள் உண்டா என்று அவர் பார்க்கட்டும். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடு.

இந்தச் சம்பாவில் ஒரு மா நிலத்தில் மட்டும் சதுர நடவு போடு. சோதனைக்கு மட்டும் களைக்கருவியை இரவல் வாங்கிக்கொள், கொலுமெல்லா பொறுத்துக்கொள்வார். நட்ட பத்தாம் நாள் முதல் ஓட்டம், பிறகு பத்து நாளுக்கு ஒரு ஓட்டம். குத்தை ஒட்டி நிற்கும் களையைக் கையால்தான் எடுக்க வேண்டும், அந்தக் கூலியையும் கணக்கில் சேர். மூன்றாம் ஓட்டம் முடிந்ததும் ஆள்கூலிக் கணக்கை எனக்கு எழுது, விலையைப் பற்றி அப்போது பேசலாம்.

அன்புடன்,
உன் வாத்தியார்