ஐம்பது கிலோமீட்டர்: தனியாகக் கிளம்புவதா, கூட்டத்தோடா?

1998 நாகானோ ஒலிம்பிக்கின் 50 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டத்தில் நார்வேயின் பியோர்ன் டேலி எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 5 நிமிடம் 8.2 வினாடி. வெள்ளி வென்ற ஸ்வீடன் வீரர் நிக்லாஸ் யோன்சனுக்கு அதைவிட 8.1 வினாடிதான் கூடுதலாக ஆனது. இரண்டு மணி நேர உழைப்புக்குப் பிறகு இவ்வளவு நெருக்கம். ஆனால் இருவரும் கடைசி மேட்டில் முட்டி மோதி வந்தவர்கள் அல்ல. வெவ்வேறு நேரத்தில் கிளம்பியவர்கள். யார் முந்தினார் என்று கடிகாரம்தான் சொன்னது.

எட்டு ஆண்டு கழித்து டூரின் ஒலிம்பிக்கில் முதன்முறையாக 50 கிலோமீட்டருக்கு எல்லாரையும் ஒரே நேரத்தில் விட்டார்கள். இத்தாலியின் ஜியோர்ஜியோ டி சென்டா 0.8 வினாடியில் வென்றார். 2010 வான்கூவரில் முதல் இருவருக்கும் இடையே 0.3 வினாடி, 2014 சோச்சியில் 0.7 வினாடி. பார்க்கப் பரபரப்பான முடிவுகள்தான். ஆனால் 49 கிலோமீட்டரும் சேர்ந்தே வந்துவிட்டுக் கடைசி சில நூறு மீட்டரில் முடிவாகும் பந்தயத்தை நெடுந்தூர ஓட்டம் என்று எப்படிச் சொல்வது?

இந்த விளையாட்டைப் பார்க்கத் தொடங்குகிறவரும், குளிர்நாட்டில் வசிப்பதால் ஒருநாள் தாமும் இறங்கலாம் என்று நினைப்பவரும், எந்தப் பந்தயம் என்பதற்கு முன் எந்தத் தொடக்கம் என்று கேட்பது நல்லது. தனித் தொடக்கம், கூட்டுத் தொடக்கம், இரண்டுக்கும் நடுவே அணி அணியாக விடும் முறை என மூன்று இருக்கின்றன. என் மனம் தனித் தொடக்கத்தின் பக்கம் சாய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தனித் தொடக்கத்தில் அரை நிமிடத்துக்கு ஒருவராக அனுப்புவார்கள். வலுவானவர்களின் பெயர்கள் வழக்கமாகப் பட்டியலின் பின்பகுதியில் இருக்கும். தடத்தில் யார் முன்னால் போகிறார் என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஐந்தாவது, பத்தாவது, இருபதாவது கிலோமீட்டரில் பதிவாகும் இடைநேரங்கள்தான் கதையைச் சொல்லும். பயிற்சியாளர்கள் மரங்களுக்கு நடுவே நின்று, "நாலு வினாடி பின்னால்", "இப்போது இரண்டு முன்னால்" என்று கத்துவார்கள். அந்தக் குரலை நம்பித்தான் வீரர் தன் மூச்சைக் கணக்குப் பண்ண வேண்டும். வேகமாகக் கிளம்பி நாற்பதாவது கிலோமீட்டரில் கால் கனத்துப்போகிறவரையும், முதல் பாதியில் பன்னிரண்டாவதாக இருந்து கடைசிச் சுற்றில் ஒவ்வொருவராக விழுங்கி மேலே வருகிறவரையும் இங்கே பார்க்கலாம். கூட்டத்தின் நடுவில் ஒளிந்துகொள்ள வழியே இல்லை. பனியில் முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்றின் எதிர்ப்பு குறையும், வலுவும் மிச்சமாகும். அந்த மிச்சம் இங்கே எளிதில் கிடைக்காது. 1994 லில்லஹாமரில் கஜகஸ்தானின் விளாதிமிர் ஸ்மிர்னோவ் ஒரு நிமிடத்துக்கும் மேலான வித்தியாசத்தில் 50 கிலோமீட்டரை வென்றபோது, அந்த ஒரு நிமிடம் முழுக்க அவர் சொந்தமாகச் சம்பாதித்தது.

இதில் இன்னொரு அழகும் உண்டு. பட்டியலில் அறுபதாவதாக நிற்கும் இளைஞருக்கும் தடம் முழுதாகக் கிடைக்கிறது. பின்னாலிருந்து வருபவர் குரல் கொடுத்தால் முதல் அழைப்பிலேயே வழிவிட வேண்டும் என்பது விதி. கையில் ஊன்றும் கோல் உடைவதோ, ஒருவர் விழுந்து பத்துப் பேரை இழுத்துப் போடுவதோ அரிது. 2021 ஓபர்ஸ்ட்டோர்ஃப் உலகப் போட்டியின் 50 கிலோமீட்டரை நினைத்துப் பாருங்கள்: இறுதி நேர்தடத்தில் நார்வேயின் கிளேபோவும் ரஷ்யாவின் போல்ஷுனோவும் உரசியதில் போல்ஷுனோவின் கோல் உடைந்தது, முதலில் வந்த கிளேபோ தகுதி நீக்கம் செய்யப்பட்டார், தங்கம் எமில் இவர்சனுக்குப் போனது. இரண்டு மணி நேர உழைப்பு நடுவர் அறையில் தீர்மானமாவதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

தனித் தொடக்கத்துக்குக் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஓட்டத்தின் நடுவே பனி கொட்டத் தொடங்கினால் முன்னால் போனவருக்கு ஒரு தடம், பின்னால் வந்தவருக்கு வேறு தடம். பனிச்சறுக்குப் பலகையில் தடவிய, காலையில் சரியாக இருந்த மெழுகு பதினொரு மணிக்குப் பொருந்தாமல் போகலாம். சுற்று முறையில் நடக்கும்போது அதிர்ஷ்டமும் நுழைகிறது. 8 கிலோமீட்டர் சுற்றை முடிக்க ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். அறுபது பேரை அரை நிமிட இடைவெளியில் அனுப்பவோ அரை மணி நேரம் வேண்டும். ஆக, முதல் சுற்றை முடித்து வருபவருக்கு முன்னால், அப்போதுதான் களைப்பில்லாமல் கிளம்பும் ஒருவர் கிடைத்துவிடுவார். அவர் முதுகைப் பிடித்துக்கொண்டால் நல்ல லாபம். யாருக்கு அந்த முதுகு வாய்க்கும் என்பது பட்டியல் போடும் சீட்டின் கையில் இருக்கிறது. இவை உண்மையான குறைகள். ஆனாலும் 49 கிலோமீட்டரை அர்த்தமற்றதாக்கும் குறையைவிட இவை சிறியவை என்பதே என் தீர்ப்பு.

கூட்டுத் தொடக்கத்துக்கும் உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும். முதலில் வருபவரே வென்றவர் என்பதால் பார்ப்பது எளிது. நார்வேயின் பெட்டர் நார்த்துக் கூட்டத்துக்குள் பொறுமையாகக் காத்திருந்து கடைசியில் பாய்ந்து உலகப் பட்டங்களை வென்றது பெரிய திறமை. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கிற வீட்டில் இதுவே பொருத்தம். நேரமில்லாதவர்கள் கடைசிப் பதினைந்து நிமிடத்தை மட்டும் பார்த்தாலும் பெரிதாக எதையும் இழக்க மாட்டார்கள். என் புகாரும் அதுதான்.

பார்ப்பவருக்கு இவ்வளவு போதும். தாமே ஓட விரும்புகிறவருக்குக் கணக்கு மாறுகிறது. உலகக் கோப்பை பாணித் தனித் தொடக்கம் பொதுமக்களின் பெரிய ஓட்டங்களில் நடைமுறைக்கு ஒத்துவராது. பத்தாயிரம் பேரை அரை நிமிடத்துக்கு ஒருவராக விட்டால் மூன்று நாளுக்கு மேல் ஆகும்.

ஸ்வீடனில் 1922 முதல் நடக்கும் வாசலோப்பெட் மார்ச் முதல் ஞாயிறு காலை சேலனில் தொடங்கி 90 கிலோமீட்டர் தாண்டி மூராவில் முடிகிறது. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒன்றாகக் கிளம்புவார்கள். தொடங்கிய சிறிது தூரத்திலேயே ஏற்றம். பின்வரிசைக்காரர்கள் அங்கே கோல் உடையாமல் பார்த்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியதுதான். அந்தத் திருவிழா வேண்டும், வழியில் ஊற்றித் தரும் சூடான புளூபெர்ரி சூப் வேண்டும் என்பவர் தாராளமாகப் போகலாம். நேரத்தைக் குறைப்பது குறிக்கோள் என்றால் அதே தடத்தில் நடக்கும் 'ஓப்பெட் ஸ்போர்' சிறந்தது. அதே 90 கிலோமீட்டர்தான். எல்லாரையும் ஒரே வெடியில் விடுவதில்லை. நேரம் பதிவாகும், தரவரிசை கிடையாது. தனித் தொடக்கத்தின் மனநிலைக்குப் பொதுமக்கள் இவ்வளவு நெருங்கி வரக்கூடிய நெடுந்தூர ஓட்டத்தை அரிதாகவே பார்க்க முடியும். முதல்முறை இறங்குகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

ஓரிரு பருவம் ஓடிப் பழகியவர் நார்வேயின் பிர்கெபெய்னர் ஓட்டத்தைப் பார்க்கலாம். ரேனாவிலிருந்து லில்லஹாமர் வரை 54 கிலோமீட்டர், முதுகில் 3.5 கிலோ பை. 1206இல் குழந்தை இளவரசன் ஹாகோனை மலை கடந்து காப்பாற்றிய வீரர்களின் நினைவாக அந்தச் சுமை. அணி அணியாக விடுவார்கள். தம் வயதுப் பிரிவில் முதல் ஐந்து பேரின் சராசரி நேரத்துக்கு மேல் 25 சதவீதத்துக்குள் முடிப்பவருக்குச் சின்னம் உண்டு. அணியில் நூறு பேர் சூழ்ந்திருந்தாலும் போட்டி கடைசியில் நேரத்தோடுதான். அதனால் எனக்கு இது பிடிக்கும்.

பார்க்க உட்காருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓஸ்லோவின் ஹோல்மென்கோலென் 50 கிலோமீட்டர் சில ஆண்டு தனித் தொடக்கமாகவும் சில ஆண்டு கூட்டுத் தொடக்கமாகவும் நடந்திருக்கிறது. 2023 முதல் பெண்களும் அங்கே அதே தூரத்தை ஓடுகிறார்கள். மார்ச் மாதம் பட்டியல் வெளியானதும் எந்த முறை என்று பாருங்கள். தனித் தொடக்கம் என்றால் இடைநேரப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் நிமிடத்திலிருந்தே பாருங்கள். பாதியில் வந்து சேர்ந்தால் யார் எங்கே ஜெயித்தார் என்பது பிடிபடாது.