குத்து பெரிதா, கூண்டு பெரிதா?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பேரவை அண்ணனிடம், "காமிக்ஸ் பற்றி எழுதட்டுமாண்ணே?" என்றேன். "சின்னப் பிள்ளை சமாச்சாரம் வேணாம்ப்பா, உருப்படியா ஏதாவது எழுது" என்றார். அண்ணன் மன்னிக்க வேண்டும். ஐரோப்பாவையே நடுங்க வைத்த ஒரு சர்வாதிகாரியின் கறுப்புச் சட்டைப் படை, இரண்டே பக்கப் பொம்மைக் கதையைப் படித்துவிட்டு ஆத்திரத்தோடு பதில் எழுதியது. பீரங்கிக்கும் டாங்கிக்கும் அசையாதவர்களுக்குப் படக்கதை மேல் ஏன் அவ்வளவு கோபம்? அதைத்தான் எழுதியிருக்கிறேன். உருப்படியா இல்லையா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

எங்க அப்பா தையற்காரர். அம்மா காஜா எடுப்பாங்க, பட்டன் தைப்பாங்க. எங்க வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்தது நான்தான் முதல். கடையில் ஒரு பழைய பிஸ்கட் டின் நிறைய ராணி காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இருக்கும். யூனிஃபார்ம் அளவு கொடுக்க வர்ற பசங்க அழாமல் இருக்க அப்பா வாங்கிப் போட்டது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது அந்த டின்னில்தான். அதனால்தான் கீழே வரும் நான்கு பேர் பற்றிப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர். இருவரும் 1914-ல் பிறந்தவர்கள். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் ஒன்றாகப் படித்து சூப்பர்மேனை உருவாக்கியவர்கள். அடுத்தது ஜோ சைமன், ஜாக் கிர்பி. நியூயார்க்கில் கேப்டன் அமெரிக்காவை உருவாக்கியவர்கள். நால்வரும் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். சீகலின் அப்பா துணிக்கடை வைத்திருந்தார். ஷஸ்டரின் அப்பா தையற்காரர். சைமனின் அப்பாவும் தையற்காரர். கிர்பியின் அப்பா ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளி. ஆக நாலு வீட்டிலும் துணிதான் சோறு போட்டது! சூப்பர் ஹீரோக்களுக்கு உடுப்பு மட்டும் ஏன் அவ்வளவு கச்சிதமாக இருக்கிறது என்று இப்போதுதான் புரிகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். 1939 ஆகஸ்டில் ஹிட்லரும் ஸ்டாலினும் ஒருவரை ஒருவர் தாக்குவதில்லை என்று ஒப்பந்தம் போட்டார்கள். செப்டம்பரில் போலந்தை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக் கொண்டார்கள். நவம்பர் கடைசியில் ஸ்டாலின் பின்லாந்து மேல் படையெடுத்தார். பிரிட்டனும் பிரான்சும் போரில் இறங்கியிருந்தன. அமெரிக்கா இறங்கவில்லை. நமக்கெதற்கு ஊர் வம்பு என்று அங்கே பெருங்கூட்டம் பேசிக் கொண்டிருந்தது. நியூயார்க்கிலேயே, மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், 1939 பிப்ரவரியில் நாஜி ஆதரவாளர்கள் இருபதாயிரம் பேர் கூடிக் கூட்டம் போட்டார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் 'லுக்' என்ற பத்திரிகை சீகலிடமும் ஷஸ்டரிடமும் ஒரு கேள்வி கேட்டது. சூப்பர்மேன் நினைத்தால் இந்தப் போரை எப்படி முடிப்பார்? 27 பிப்ரவரி 1940 தேதியிட்ட இதழில் பதில் வந்தது. இரண்டே பக்கம்.

கதை இதுதான். சூப்பர்மேன் ஜெர்மனியின் மேற்கு எல்லைக் கோட்டைவரிசையில் போய் இறங்குகிறார். பெரிய பீரங்கிக் குழாய்களை வெறுங்கையால் வளைக்கிறார். (நம்ம ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் இப்படி எழுதினால் முட்டைதான்!) பிறகு ஹிட்லரின் மாளிகைக்குள் புகுந்து அவரைக் கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறார். சரி, இப்போ ஒரு அறை விழும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. உன் தாடையில் ஒன்று வைக்க எனக்கும் ஆசைதான், ஆனால் நேரம் இல்லை என்கிற மாதிரி சொல்லிவிட்டு, அப்படியே பறந்து மாஸ்கோ போய் ஸ்டாலினையும் அள்ளிக் கொள்கிறார். இருவரையும் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் சபையில் கொண்டுபோய் நிறுத்துகிறார். தற்காப்பில்லாத நாடுகள் மேல் காரணமில்லாமல் படையெடுத்த குற்றத்துக்கு இருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வருகிறது. கதை முடிந்தது.

முதல் தடவை படித்தபோது எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு பலம் இருந்தும் ஒரு குத்துக்கூட விடாத ஹீரோவா? இதற்குத்தானா பறந்து வந்தார்?

ஆனால் பெர்லினில் சப்பென்று ஆகவில்லை. ஹிட்லரின் எஸ்.எஸ். படைக்குச் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை உண்டு. அதன் பெயருக்குப் பொருள் 'கறுப்புப் படை'. 25 ஏப்ரல் 1940-ல் அதில் இந்தக் கதையைத் தாக்கி ஒரு கட்டுரை வந்தது. சீகல் யூதர் என்பதைச் சொல்லிச் சொல்லிக் கேவலப்படுத்தியிருந்தார்கள். அமெரிக்கப் பிள்ளைகளின் மனத்தில் வெறுப்பை விதைக்கிறான் என்று பழி போட்டார்கள். குளிக்கிற உடுப்போடு சபைக்குள் நுழைந்த வீரன் என்று சூப்பர்மேனையும் கிண்டலடித்தார்கள். அதே மாதம்தான் அவர்கள் டென்மார்க்கிலும் நார்வேயிலும் படையை இறக்கியிருந்தார்கள். அத்தனை வேலைக்கு நடுவில் கிளீவ்லண்டில் இருக்கிற ஒரு இருபத்தைந்து வயதுப் பையனைத் திட்டுவதற்கு இடமும் மையும் ஒதுக்கினார்கள் என்றால், எங்கேயோ உறுத்தியிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இனி அடுத்த ஜோடி. 1940 டிசம்பரில் கடைக்கு வந்தது கேப்டன் அமெரிக்கா முதல் இதழ். அட்டையில் 1941 மார்ச் என்று போட்டிருக்கும். விலை பத்து சென்ட். முதலில் வில்லனைத்தான் தேர்ந்தெடுத்தோம், அவனுக்கு ஏற்ற ஹீரோவைப் பிறகு தேடினோம் என்று சைமன் பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த வில்லன் ஹிட்லர். அட்டைப்படத்தில் நட்சத்திர உடுப்புப் போட்ட கேப்டன் ஹிட்லரின் தாடையில் விடுகிறார் ஒரு குத்து! ஹிட்லர் பின்னால் சரிகிறார். சுற்றிலும் சிப்பாய்கள் சுடுகிறார்கள், ஒரு குண்டு கேடயத்தில் பட்டுத் தெறிக்கிறது. இந்தக் காட்சி உள்ளே இருக்கும் கதைகளில் கிடையாது என்பது வேறு வேடிக்கை. இதழ் பத்து லட்சத்தை ஒட்டி விற்றது.

அமெரிக்கா போரில் இறங்க அப்போது இன்னும் ஒரு வருஷம் இருந்தது. பேர்ல் ஹார்பர் தாக்குதல் 1941 டிசம்பர் 7-ல்தானே. அரசாங்கம் வாய் திறக்கத் தயங்கிய காலத்தில் இரண்டு தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் கைநீட்டிவிட்டார்கள். பலன் உடனே கிடைத்தது. மிரட்டல் கடிதங்கள், மிரட்டல் போன்கள். அலுவலக வாசலில் முகம் தெரியாத ஆட்கள் நின்றார்கள். வேலை பார்த்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போகவே பயந்தார்கள். போலீஸ் காவல் போடப்பட்டது. நியூயார்க் மேயர் லாகார்டியா தானே போன் செய்து, நகரம் உங்களைப் பார்த்துக் கொள்ளும் என்று தைரியம் சொன்னாராம். இதே மேயர் 1945-ல் பத்திரிகை வினியோக வேலைநிறுத்தம் நடந்தபோது, பிள்ளைகள் ஏமாறக் கூடாது என்று வானொலியில் உட்கார்ந்து படக்கதைகளைப் படித்துக் காட்டியவர். அண்ணன் இதைக் கவனிக்கவும்!

கிர்பி வரைந்ததோடு நிற்கவில்லை. 1943-ல் ராணுவத்துக்கு எடுக்கப்பட்டு, 1944-ல் பிரான்ஸ் கரையில் இறங்கினார். இவர் படம் வரைபவர் என்று தெரிந்ததும், எதிரி இருக்கும் பக்கம் முன்னால் போய் இடத்தை வரைந்து கொண்டு வா என்று அனுப்பினார்கள். குளிரில் கால் இரண்டும் உறைந்து, வெட்ட வேண்டி வருமோ என்கிற அளவுக்குப் போய்த் தப்பினார். சூப்பர்மேனுக்கோ வேறு சங்கடம். நிஜப் பிள்ளைகள் செத்துக் கொண்டிருக்கும் போரை இவர் ஒரே நாளில் முடித்தால் யார் ஒத்துக் கொள்வார்கள்? அதனால் 1942-ல் ஒரு தந்திரம் செய்தார்கள். ராணுவத்தில் சேரப் போன கிளார்க் கென்ட், கண் பரிசோதனையில் தன் எக்ஸ்ரே பார்வையால் பக்கத்து அறை அட்டையைப் படித்துத் தொலைத்து, தேர்வில் ஃபெயிலாகிவிட்டார்!

இப்போது என் கருத்து. கேப்டனின் குத்துதான் உலகப் புகழ் பெற்றது. எனக்கும் முதலில் அதுதான் பிடித்தது. ஆனால் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது சீகலின் சப்பென்ற கதைதான் பெரிதாகத் தெரிகிறது. ஏனென்றால், ஒரு நாட்டின் தலைவனைக் கூண்டில் ஏற்றி, ஏன் படையெடுத்தாய் என்று கேட்கும் நீதிமன்றம் 1940-ல் உலகத்தில் எங்குமே கிடையாது. முதல் உலகப் போர் முடிந்தபோது ஜெர்மன் சக்கரவர்த்தி கைசரை விசாரிக்க வேண்டும் என்று வெர்சாய் ஒப்பந்தத்தில் எழுதினார்கள். அவர் நெதர்லாந்துக்குப் போய்விட்டார், அந்த நாடு ஒப்படைக்க மாட்டேன் என்றுவிட்டது. அவ்வளவுதான். சட்டம் பேச ஆள் உண்டு, பிடித்துக் கொண்டு வர ஆள் இல்லை. சீகலின் கதையில் சூப்பர்மேன் செய்தது அந்த ஒரு வேலையைத்தான். யோசித்துப் பார்த்தால் அது ஏட்டு வேலை! தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை அவர் தன் கையில் எடுக்கவில்லை.

ஐந்து வருஷம் கழித்து, 1945 நவம்பர் 20-ல், நூரம்பெர்க் நகரில் அப்படி ஒரு கூண்டு நிஜமாகவே போடப்பட்டது. சமாதானத்துக்கு எதிரான குற்றம், அதாவது படையெடுத்த குற்றம், அங்கே சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று. 1946 அக்டோபர் 1-ல் 12 பேருக்கு மரண தண்டனை, 7 பேருக்குச் சிறை, 3 பேருக்கு விடுதலை என்று தீர்ப்பு முடிந்தது. ஆனால் சீகல் ஏற்றிய இரண்டு பேரும் அந்தக் கூண்டில் இல்லை. ஹிட்லர் 1945 ஏப்ரல் 30-லேயே தற்கொலை செய்து கொண்டார். ஸ்டாலினோ ஜெயித்த பக்கம். அவருடைய நாட்டு நீதிபதிகள் மேடை மேலேயே உட்கார்ந்திருந்தார்கள்! 2002-ல் ஹேக் நகரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் வந்தது. அதற்கும் சொந்தப் போலீஸ் கிடையாது. உறுப்பு நாடுகள் பிடித்துக் கொடுத்தால்தான் உண்டு. ஏட்டு இன்னும் கிடைத்தபாடில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. குத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, அது ஒரு தாடையோடு நிற்பதில்லை. போர் நடக்க நடக்க அமெரிக்கக் காமிக்ஸ்களில் ஜப்பானிய மக்களையே கோரைப்பல் பிசாசுகளாக வரைந்தார்கள். 1953-54-ல் கேப்டனைத் திரும்பக் கொண்டு வந்து, கம்யூனிஸ்ட்களை நொறுக்குபவர் என்று விளம்பரம் செய்தார்கள். பக்கத்து வீட்டுக்காரனைக்கூட உளவாளி என்று சந்தேகப்பட வைத்த காலம் அது. அப்போது அதை எழுதியதும் வரைந்ததும் சைமனும் கிர்பியும் அல்ல. லாபப் பங்குத் தகராறில் பத்தாவது இதழோடேயே அவர்கள் போய்விட்டார்கள். சீகலும் ஷஸ்டரும் சூப்பர்மேன் உரிமையை விற்றது 130 டாலருக்கு. சர்வாதிகாரியை எதிர்க்கத் தெரிந்தவர்களுக்கு முதலாளியிடம் கணக்குக் கேட்கத் தெரியவில்லை பாருங்கள்.

இந்தக் கட்டுரை எழுதும்போது செல்போனில் அந்த அட்டைப்படத்தை அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கொண்டு பார்த்தாங்க. "யாருடா இந்த மீசைக்காரன்? இப்படி அடி வாங்குறான்?" ஹிட்லர் பற்றிச் சொன்னேன், வதை முகாம்கள் பற்றிச் சொன்னேன், அறுபது லட்சம் யூதர்கள் என்று சொன்னேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாங்க. பிறகு சூப்பர்மேன் தூக்கிக் கொண்டுபோய்க் கூண்டில் நிறுத்திய கதையையும் சொன்னேன்.

"நெசத்துல ஏத்துனாங்களா?"

"இல்லம்மா. பிடிக்கிறதுக்குள்ள அவனே சுட்டுக்கிட்டுச் செத்துட்டான்."

"அப்போ யாருக்கும் பதில் சொல்லாமலே போயிட்டானா?" என்றாங்க. நான் தலையாட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துவிட்டு, போனை என்னிடம் கொடுத்துவிட்டு, விட்ட காஜாவை எடுத்துக் கொண்டாங்க.