‘பில்’ என்பது யாது? — கடைக்காரருக்கு ஓர் ஆங்கிலப் பாடம்

நம் கடைகளில் ஒரு நாளைக்கு நூறு முறை வாயில் வரும் ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால், ‘பில்’ என்றே சொல்லவேண்டும். “பில் போடு”, “சரக்கு பில் வந்துவிட்டதா?”, “பில்லில் கையெழுத்துப் போட்டு அனுப்பு”, “மாத பில்லைப் பார்த்தாயா?” என்று காலை முதல் இரவு வரை இச்சொல்லைப் புழங்குகிறோம். ஆனால் இந்நான்கு இடத்திலும் நாம் குறிப்பது ஒரே தாள் அன்று. நான்கும் நான்கு வெவ்வேறு தாள்கள். ஆங்கிலத்தில் அவற்றுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. அப்பெயர்களை அறியாததால் நாம் பட்ட நட்டத்தை முதலில் கூறிவிட்டுப் பாடத்திற்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மொத்த வியாபாரி ஒருவரிடம் அரிசியும் பருப்பும் எடுத்தோம். தொகை 1,840 வெள்ளி. சரக்கு இறக்க வந்த லாரிக்காரரிடமே ரொக்கத்தை எண்ணிக் கொடுத்தோம். அவர் நீட்டிய தாளைப் ‘பில்’ என்று கம்பியில் குத்தி வைத்தோம். மாத முடிவில் வந்த கணக்கில் அதே 1,840 வெள்ளி பாக்கி என்றிருந்தது. கோபத்தோடு அந்தப் பில்லை எடுத்துக்கொண்டு போனோம். அங்கிருந்த கணக்கர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பாய், நீங்கள் எங்களுக்குப் பணம் தரவேண்டும் என்று நாங்கள் எழுதிய தாள் இது. பணம் தந்துவிட்டீர்கள் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தது எங்கே?” என்றார். நம்மிடம் விடை இல்லை. லாரிக்காரரோ வேலையை விட்டுப் போய்விட்டார். மறுபடியும் 1,840 வெள்ளி கட்டினோம். அந்தத் தொகையைக் கொடுத்து நாம் கற்ற பாடத்தை அன்பர்கள் செலவின்றிக் கற்கலாம்.

நிற்க. ‘பில்’ என்னும் சொல், முத்திரை என்று பொருள்படும் ‘புல்லா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முத்திரையிட்ட ஓலையைக் குறித்த சொல் நாளடைவில் எழுதிய தாள் எதற்கும் பெயராயிற்று. ஆகவே ‘பில்’ என்பது குடும்பப் பெயர். அக்குடும்பத்தில் நம் கடைக்கு வரும் நால்வரைப் பார்ப்போம்.

முதலாவது, ‘இன்வாய்ஸ்’. அனுப்புதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. விற்றவர் வாங்கியவருக்கு அனுப்பும் விலைப்பட்டியல் இது. “இன்ன சரக்கு, இன்ன விலை, இன்ன தொகை நீர் தரவேண்டும்” என்று கேட்கும் தாள். பணம் கொடுத்ததற்குச் சாட்சி அன்று. நாம் கம்பியில் குத்தி வைத்தது இதைத்தான். சிங்கப்பூரில் 1994ஆம் ஆண்டில் 3 விழுக்காடாகத் தொடங்கிய ஜி.எஸ்.டி. வரி, 2024 முதல் 9 விழுக்காடாக இருக்கிறது. அவ்வரிக்குப் பதிவு செய்த கடைக்காரர், உள்ளூர்க் கொள்முதலில் கட்டிய வரியைத் திரும்பக் கோரும்போது ‘டாக்ஸ் இன்வாய்ஸ்’ என்னும் வகைத் தாள் கைவசம் இருக்கவேண்டும். வெறும் சீட்டு போதாது.

இரண்டாவது, ‘டெலிவரி ஆர்டர்’. ‘டி.ஓ.’ என்று சுருக்கிச் சொல்வோம். சரக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு நாம் கையெழுத்திட்டுக் கொடுக்கும் தாள். பத்து மூட்டை என்று எழுதியிருக்க ஒன்பதே இறங்கியிருந்தால், ‘ஒன்பது’ என்று அதிலேயே எழுதிக் கையெழுத்திடுக. எண்ணாமல் கையெழுத்திட்ட பின் பத்தாவது மூட்டையைத் தேடுவது வீண்.

மூன்றாவது, ‘ரிசீட்’. இதன் ஆங்கில எழுத்துக்களில் ‘பி’ உண்டு. ஆனால் அதை ஒலிப்பதில்லை. பணம் பெற்றுக்கொண்டோம் என்று பெற்றவர் எழுதித் தரும் தாள் இது. நாம் சொல்லும் ‘ரசீது’ இதன் திரிபு என்று பலர் நினைப்பர். அன்று, அது பாரசீகச் சொல், ‘வந்து சேர்ந்தது’ என்று பொருள். இரண்டும் ஒலியில் நெருங்கியது தற்செயலே. நம் கடையில் வாடிக்கையாளர் பணம் கொடுத்ததும் “பில் போடு” என்கிறோமே, அப்போது போடுவது பெரும்பாலும் ரசீதுதான்.

நான்காவது, ‘ஸ்டேட்மென்ட்’. மாதம் முழுவதும் எடுத்த சரக்கையும் கட்டிய பணத்தையும் திரட்டிக் காட்டும் பற்று வரவுக் கணக்கு. இதை வந்த அன்றே நம் பேரேட்டோடு ஒப்பிடவேண்டும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் நமக்கும் நினைவிராது, அவருக்கும் நினைவிராது.

மலாய் மொழியிலும் ‘பில்’, ‘இன்வோய்ஸ்’, ‘ரெசிட்’ என்று வெவ்வேறு சொற்கள் வழங்குகின்றன. நாம்தான் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கிறோம்.

இனி இக்குடும்பத்தின் தூரத்து உறவினர். கப்பலில் சரக்கு ஏற்றிக்கொண்டதற்குக் கப்பற்காரர் தருவது ‘பில் ஆஃப் லேடிங்’. குறித்த தொகையை இன்னாருக்குக் கொடுக்க என்று ஒருவர் மற்றொருவருக்கு எழுதும் நிபந்தனையற்ற கட்டளை ‘பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச்’. நம் முன்னோர் உண்டியல் என்று கையாண்டதற்கு நெருங்கிய இனம். வங்கிக் காசோலையும் சட்டப்படி இதில் ஒரு வகையே. நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்படும் மசோதாவும் ‘பில்’. அது நிறைவேறி ஒப்புதல் பெற்றபின் ‘ஆக்ட்’. அமெரிக்கர் பண நோட்டைப் ‘பில்’ என்பர். உணவகத்தில் நாம் பில் என்பதை அவர்கள் ‘செக்’ என்பர். பறவையின் அலகுக்கும் ‘பில்’ என்றே பெயர். ஆனால் அது வேறு வேரிலிருந்து வந்த சொல்.

இத்தனை பெயரை எப்படி நினைவில் வைப்பது என்று அன்பர்கள் கேட்கலாம். ஒரே கேள்வி போதும்: “இந்தத் தாளை எழுதியவர் எதை ஒப்புக்கொள்கிறார்?” தம் பணம் வந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டால் ரசீது. நம்மிடம் பணம் கேட்டால் இன்வாய்ஸ். நாமே சரக்கு வந்ததை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் டி.ஓ. எல்லாவற்றையும் கூட்டிக் காட்டினால் ஸ்டேட்மென்ட்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், ‘அல்பகரா’ அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை மதரஸாவில் ஓதிய நம்மவர் அறிவர். ஓதியிருந்தும் நாம் 1,840 வெள்ளியை எழுத்தின்றிக் கொடுத்தோம். தவறு லாரிக்காரருடையது மட்டும் அன்று.

இறுதியாக, ஒரு சிறு பயிற்சி. இன்றிரவு கடையை அடைக்குமுன், கம்பியில் குத்தியுள்ள தாள்களை எடுத்து நான்கு கட்டாகப் பிரித்துப் பாருங்கள். பணம் கட்டிய ஒவ்வோர் இன்வாய்ஸுக்கும் ஒரு ரசீது இருக்கிறதா? இல்லாவிடில் நாளைக் காலையிலேயே கேட்டு வாங்குங்கள். இயந்திரத்தில் அச்சாகும் ரசீதின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். நாணயமான வியாபாரி ரசீது கேட்டால் வருந்தமாட்டார். வருந்துகிறவரிடம் கட்டாயம் கேட்கவேண்டும்.

வஸ்ஸலாம்.