பரிசோதனைகளையும் சோதித்துப் பார்ப்போம்



"மருத்துவமனைக்கு ஒரு புதிய இயந்திரம் வாங்கிக் கொடுக்க விரும்புகிறோம், எது தேவை?" என்று உங்களில் பலர் அன்போடு கேட்பதுண்டு. அதற்கு விடை சொல்லுமுன், ஒரு பரிசோதனை நல்லதா, நம்பத்தக்கதா என்று மருத்துவர்கள் எப்படி நிதானிக்கிறார்கள் என்பதை இந்த இதழில் பாடமாகத் தருகிறோம். காசநோயை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

வேதாகமம் காட்டும் பொறுமை

லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். தோலில் அடையாளம் கண்டவனை ஆசாரியனிடம் கொண்டுவர வேண்டும். அடையாளம் தெளிவாக இராவிட்டால் ஆசாரியன் அன்றே தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஏழு நாள் அவனைத் தனியே வைத்து மறுபடியும் பார்க்க வேண்டும். தேவையானால் இன்னும் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். ஏன் இவ்வளவு பொறுமை? நோய் இல்லாதவனைத் தீட்டுள்ளவன் என்றால் அவன் குடும்பத்தைப் பிரிந்து பாளயத்துக்கு வெளியே வாழ வேண்டும். நோயுள்ளவனைச் சுத்தமுள்ளவன் என்றால் பாளயம் முழுவதற்கும் கேடு.

இரண்டு தவறுகள்

இன்றும் ஒவ்வொரு பரிசோதனையிலும் இதே இரண்டு தவறுகள் நேரக்கூடும். நோய் உள்ளவரை இல்லை என்பது ஒன்று. அவர் இருமலோடு வீடு திரும்புவார். வீட்டிலுள்ள குழந்தைக்கும் நோய் தொற்றும். நோய் இல்லாதவரை உண்டு என்பது மற்றொன்று. அவர் ஆறு மாதம் வீணாக மாத்திரை சாப்பிடுவார். ஈரல் பாதிக்கப்படலாம், கூலி வேலை போகலாம், மகளின் கலியாணப் பேச்சு நின்றுபோகலாம்.

ஆகவே மருத்துவர்கள் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். நோயுள்ள நூறு பேரில் எத்தனை பேரை இந்தப் பரிசோதனை கண்டுபிடிக்கும்? நோயில்லாத நூறு பேரில் எத்தனை பேரைச் சரியாக விலக்கும்? முதலாவதை உணர்திறன் என்றும் இரண்டாவதைத் தனித்திறன் என்றும் சொல்லலாம்.

ஒரு சிறு கணக்கு

இரண்டு திறனும் நூற்றுக்குத் தொண்ணூறு உள்ள ஒரு பரிசோதனையை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு கிராமத்தில் 1,000 பேர். அவர்களில் 10 பேருக்கு மட்டும் நோய். எல்லாருக்கும் பரிசோதனை செய்தால் நோயாளிகளில் 9 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 990 பேரில் 99 பேருக்கும் "உண்டு" என்றே வரும். மொத்தம் 108 பேரில் உண்மையான நோயாளிகள் 9 பேர், அதாவது பன்னிரண்டு பேரில் ஒருவர்!

அதே பரிசோதனையை, வாரக்கணக்காக இருமலும் காய்ச்சலும் எடை குறைவும் உள்ள 1,000 பேருக்குச் செய்வோம். இவர்களில் 200 பேருக்கு நோய் இருந்தால், 180 பேர் பிடிபடுவார்கள். 80 பேருக்குத் தவறாக "உண்டு" என வரும். இப்போது "உண்டு" என்ற பத்துப் பேரில் ஏறக்குறைய ஏழு பேர் உண்மையான நோயாளிகள். இயந்திரம் மாறவில்லை, யாருக்குச் செய்தோம் என்பதுதான் மாறியது. மருத்துவர் முதலில் நோயாளியிடம் உட்கார்ந்து பேசி, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்ப்பது இதற்காகவே.

கருவியும் கண்ணும்

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று உலகுக்கு அறிவித்தார். 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். எக்ஸ்ரே படம் நிழலைக் காட்டும், கிருமியைக் காட்டாது. ஆறிப்போன பழைய காசநோய், நிமோனியா, புற்றுநோய் ஆகியவையும் இதே போன்ற நிழலைத் தரக்கூடும்.

அமெரிக்காவில் எந்த அளவு எக்ஸ்ரே படம் சிறந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 1947-இல் வெளியாயிற்று. புள்ளியியலாளர் ஜேக்கப் யெருஷல்மி அதில் முக்கிய பங்கு வகித்தார். படங்களுக்கிடையே இருந்த வித்தியாசத்தைவிட, அவற்றை வாசித்த மருத்துவர்களுக்கிடையே இருந்த வித்தியாசமே அதிகம் என்று தெரியவந்தது. அதே மருத்துவர் அதே படத்தை மறுபடி பார்த்தபோதும் சில வேளைகளில் வேறு விடை சொன்னார்.

நுண்ணோக்கியில் சளி பார்ப்பது மலிவானது. ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். 2010-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த மரபணுப் பரிசோதனை (நம் நாட்டில் சிபிநாட் என்பார்கள்) இதைவிடக் குறைந்த கிருமிகளையும் இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடிக்கும். ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்றும் சொல்லும். ஆனால் செத்த கிருமியின் மரபணுவையும் அது காட்டுமாதலால், சிகிச்சை பலித்ததா என்று பார்க்க உதவாது.

இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைப் பார்த்துக் காசநோய் என்று சொல்லும் பரிசோதனைகள் ஒரு காலத்தில் நம் நாட்டில் ஏராளமாக விற்பனையாயின. சோதித்துப் பார்த்தபோது அவை இரண்டு வகைத் தவறுகளையும் மிகுதியாகச் செய்தன. அவற்றைப் பயன்படுத்த வேண்டாமென்று 2011-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2012-இல் இந்திய அரசு தடை செய்தது. ஏழைகள் கடன் வாங்கிக் கொடுத்த பணம் அதற்கு முன்னரே போய்விட்டது.

உங்கள் காணிக்கையும் இந்தப் பாடமும்

எனவே எந்தக் கருவியானாலும் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

1. இதன் விடையால் நோயாளிக்குச் செய்யும் சிகிச்சை மாறுமா?
2. இரண்டு திறன்களும் எங்கள் நோயாளிகளைப் போன்றவர்களிடம் சோதிக்கப்பட்டனவா?
3. கருவியை நடத்தப் பயிற்சி பெற்ற ஆளும், தடையில்லா மின்சாரமும், வருடந்தோறும் சரிபார்க்கும் செலவும் உண்டா?

சிபிநாட் இயந்திரத்துக்கு ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு புதிய கார்ட்ரிட்ஜ் வேண்டும். அறையின் வெப்பமும் அளவோடு இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் அது துணி போட்டு மூடிய பெட்டியே. பெயர் பொறித்த இயந்திரம் கண்ணுக்குத் தெரியும். கார்ட்ரிட்ஜும், சாயமும், ஸ்லைடுகளை இரண்டாம் முறை பார்க்கும் தொழில்நுட்பரின் சம்பளமும் தெரியாது. ஆனால் சரியான விடை அவற்றிலிருந்தே பிறக்கிறது. இந்தத் தேவைகளுக்காகவும் கொடுக்க உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் ஆய்வகத்திலும் எக்ஸ்ரே அறையிலும் ஊழியம் செய்கிறவர்களுக்காக ஜெபியுங்கள். ஒரு சொட்டுச் சளிக்குப் பின்னால் ஒரு குடும்பம் காத்திருக்கிறது. அவர்கள் கண்களுக்குத் தெளிவையும், சந்தேகம் வரும்போது மறுபடியும் பார்க்கும் பொறுமையையும் கர்த்தர் தந்தருளுவாராக.