மருந்துக்கு மூலம், கைக்கு நஞ்சு

பாரோய்த் தோட்டப்புறங்களில் வளர்ந்த நம்மவருக்கு ரப்பர் ஷீட்டு புதிதன்று. ஈரம் முற்றும் வற்றாத ஷீட்டில் பூஞ்சணம் பிடிக்கும். தரம் குறையும், விலையும் இறங்கும். அதைத் தடுக்கப் பயன்பட்டு வந்த பொருள்களுள் ஒன்று பாரா நைட்ரோபினால் என்னும் வெளிர்மஞ்சள் பொடி. 1,000 பங்கு நீருக்கு 1 பங்கு கலந்து, ஷீட்டை அதில் ஊற வைத்து எடுப்பர்.

சாயங்கள் செய்யவும் இப்பொருள் உதவுகிறது. ஹைட்ரஜன் வாயுவைக் கொண்டு இதனைப் பாரா அமினோபினாலாக மாற்றலாம். அதனுடன் அசெட்டிக் அன்ஹைட்ரைடு சேர்ந்தால், காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் கிடைக்கிறது!

"மருந்துக்கு மூலமாயிற்றே, என்ன தீங்கு செய்துவிடும்?" என்று எண்ணலாகாது. மாற்றம் பெறாத மூலப்பொருள் நஞ்சே. கண்ணையும் தோலையும் எரிக்கும். உடம்பில் மிகுதியாகச் சேர்ந்தால், பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் இரத்தத்திற்குக் குன்றும். தலைவலியும் மயக்கமும் காணும், உதடு நீலம் பாரிக்கும்.

ஆகவே, கையுறையின்றி இதைக் கலக்க வேண்டாம். கலந்த வாளியைச் சமையற்கட்டில் புழங்க வேண்டாம். கண்ணில் தெறித்தால் நிறைய நீர்விட்டுக் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்க. பெயர் எழுதாத எந்தப் பொடியும் பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் இருத்தலாகாது என்பதே நம் வேண்டுகோள்.