குறைமாதக் குழந்தையின் கண்: 30 நாளுக்குள் பார்த்துவிடுங்கள்

"குழந்தைதான் நல்லா கண்ணைத் திறந்து பார்க்குதே, அப்புறம் எதுக்கு கண் டாக்டர்?" குறைமாதக் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த பல குடும்பங்களில் எழும் கேள்வி இது. வெளியே கண் நன்றாகத்தான் தெரியும். பாதிப்பு உள்ளே, விழித்திரையில் இருக்கும். இதை மருத்துவர்கள் ஆர்.ஓ.பி. என்பார்கள்.

ஏன் வருகிறது?

விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கருவின் 16-வது வாரம் வாக்கில் வளரத் தொடங்கும். ஓரம் வரை சென்று சேர ஒன்பது மாதம் ஆகும். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டால் அந்த வேலை பாதியில் நின்றுவிடும்.

கருப்பைக்குள் ஆக்சிஜன் குறைவு. அதற்குப் பழகிய கண்ணுக்கு வெளிக்காற்றே அதிகம். சிகிச்சைக்காகத் தரும் ஆக்சிஜனும் சேர்ந்தால், செல்களைத் தாக்கும் மூலக்கூறுகள் பெருகும். இரும்பு துருப்பிடிக்கிற மாதிரிதான். இதுவே ஆக்சிஜனேற்ற அழுத்தம். இதை எதிர்க்கும் பாதுகாப்புச் சக்தி பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் குழந்தைக்குச் சேர்கிறது. குறைமாதக் குழந்தைக்கு அது போதாது.

முதலில் குழாய் வளர்ச்சி நிற்கும். சில வாரங்கள் கழித்து, ரத்தம் கிடைக்காத விழித்திரை தவிக்கும்போது கோணல்மாணலாகப் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை முற்றினால் விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடும். பிறகு பார்வையை மீட்பது மிகக் கடினம்.

அப்போ ஆக்சிஜனே வேண்டாமா?

அப்படி நினைக்காதீர்கள். 1950-களில் மேலை நாடுகளில் ஆக்சிஜனைக் கடுமையாகக் குறைத்தார்கள். பார்வையிழப்பு குறைந்தது, ஆனால் குழந்தை இறப்பு கூடியது. உயிர் காக்க ஆக்சிஜன் வேண்டும், அளவோடு வேண்டும். அதனால்தான் இன்று ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் கருவி வைத்து விடாமல் கவனிக்கிறார்கள்.

யாருக்கு, எப்போது?

• 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தை: பிறந்த 30 நாளுக்குள்.
• 28 வாரத்துக்கு முன் பிறந்தவை அல்லது 1,200 கிராமுக்குக் குறைந்தவை: 2 முதல் 3 வாரத்துக்குள்.
• 34 முதல் 36 வாரத்தில் பிறந்து, ஆக்சிஜன், ரத்தம் ஏற்றுதல், கிருமித்தொற்று போன்றவற்றைக் கடந்த குழந்தைகள்: மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் சோதனைதான். குழந்தை கொஞ்சம் அழும், பயப்பட வேண்டாம். ஒருமுறை பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். குழாய் வளர்ச்சி முடியும்வரை சொன்ன தேதிகளில் போக வேண்டும். லேசர் அல்லது ஊசி தேவை என்றால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்துவிட வேண்டும். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

எங்கே போவது?

தேசிய சிறார் நலத் திட்டத்தில் இந்த நோயும் அடங்கும். குழந்தை பிறந்த அரசு மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் பிரிவிலோ, மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்திலோ கேளுங்கள். 104 மருத்துவ உதவி எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேளுங்கள்: "கண் பரிசோதனை என்னைக்கு?" அந்தத் தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.